சால்வைக்காரி கொன்றாளா?

"இங்கே எல்லா வகைச் சட்டங்களும் போடப்படும்" என்று கடை வாசலில் பலகை தொங்கியதால், அந்தத் தெருவுக்குப் புதிதாக வருகிறவர்களில் சிலர் சொத்துத் தகராறோடு படியேறிவிடுவார்கள். கடைக்காரர் அவர்களை உட்காரவைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, முழுக் கதையையும் கேட்டு முடித்த பிறகுதான், "நான் படத்துக்குச் சட்டம் போடறவனுங்க" என்பார். வந்தவர்கள் கோபித்துக்கொண்டதில்லை. ஒருவர் மட்டும், இவ்வளவு பொறுமையாக எந்த வக்கீலும் கேட்டதில்லை என்று சொல்லி, கல்யாணப் படத்துக்கு ஒரு சட்டம் போட்டுக்கொண்டு போனார். தெருவில் எல்லாருக்கும் அவர் சட்டக்காரர்.

கடைக்கு மேலே, மாடி அறையில் அவர் மனைவி வேலை செய்தாள். மூக்கின் ஓரத்தில் இருந்த மச்சத்தால் பள்ளிக்கூடத்திலேயே அவளுக்குப் புள்ளி என்று பேர் விழுந்துவிட்டது. கணவரும் அதையே பிடித்துக்கொண்டார். "நான் சாதாரண ஆளுங்க. மேல இருக்கறவதான் பெரிய புள்ளி" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பார். எத்தனை முறை சொன்னாலும் அவருக்கு அது புது ஜோக்குதான்.

புள்ளி செய்தது நகல் வேலை. பழைய துப்பறியும் கதைகளுக்குப் பத்திரிகைகளில் வந்த படங்களைப் பெரிய தாளில் கையால் வரைந்து கொடுப்பாள். கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு விளக்குக் கம்பத்தடியில் நிற்கிற ஆள், பாதி திறந்த கதவு, கவிழ்ந்த கோப்பை, தரையில் ஒற்றைக் கையுறை. உள்ளங்கை அளவில் அச்சான படம் அவள் கையில் ஒரு ஜன்னல் அளவுக்கு வளரும். வக்கீல்கள் வாங்கினார்கள், புத்தகக் கடைக்காரர்கள் வாங்கினார்கள், ஓய்வு பெறுகிற காவல் அதிகாரிக்குப் பரிசளிக்க நண்பர்கள் சேர்ந்து வாங்கினார்கள். இயந்திரத்தில் பெரிதாக்கி அச்சடித்துக்கொண்டால் போதாதா என்று கேட்பவர்களை அவள் தடுப்பதில்லை. அவர்களே செய்து பார்த்துவிட்டுத் திரும்பி வருவார்கள். பெரிதாக்கினால் முகம் மணல் மணலாக உதிர்ந்துவிடும். அதில் மூக்கு எது, நிழல் எது என்று முடிவு செய்ய ஒரு மனித மூளை வேண்டும்.

அவளுக்கு ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது, அதுவும் கணவர் போடாத சட்டம்: வந்தது வந்தபடி. பழைய தாள் பழுத்துப்போயிருந்தாலும், பைண்டு செய்த இடுக்கில், வெளிச்சமே படாத இடத்தில் அசல் நிறம் ஒளிந்திருக்கும். அந்த இடுக்கை விரித்துப் பார்த்துத்தான் சாயம் கலப்பாள். அச்சுக்கட்டை நகர்ந்து, உதட்டுச் சிவப்பு உதட்டை விட்டு ஒரு மயிரிழை தள்ளி விழுந்திருந்தால், அவளும் ஒரு மயிரிழை தள்ளியே பூசுவாள். துப்பறிவாளர் முகத்துக்குப் பதிலாகத் தன் அப்பாவின் முகத்தைப் போட்டுத்தர முடியுமா என்று கேட்ட ஒருவரை, "அதுக்கு வேற ஆளைப் பாருங்க" என்று அனுப்பிவிட்டாள். அவர் இரட்டிப்பாகத் தருவதாகச் சொன்னதைச் சட்டக்காரர் பல நாள் பெருமூச்சோடு நினைவுகூர்ந்தார்.

இரண்டு தெரு தள்ளிப் புதிதாக மருத்துவமனை திறந்த பல் டாக்டர் ஒருநாள் கனமான பைண்டு ஒன்றை அணைத்துக்கொண்டு வந்தார். அவருடைய அப்பா சேர்த்து வைத்த வாரப் பத்திரிகை. அதில் வந்த ஒரு தொடர்கதையின் படங்கள் முழுவதையும் நோயாளிகள் காத்திருக்கிற அறையில் வரிசையாக மாட்ட வேண்டும் என்பது அவர் ஆசை.

"ஒரே ஒரு விஷயம் அக்கா. ரத்தம் மட்டும் இருக்கக் கூடாது. ஏற்கெனவே பயந்து போய்த்தான் உள்ள வர்றாங்க."

புள்ளி பக்கங்களைப் புரட்டிப் பார்த்தாள். "இது விஷம் டாக்டர். சொட்டு ரத்தம் கிடையாது."

"விஷமா? அப்ப சரி" என்று அவர் நிம்மதியானார்.

வீட்டுப் பெரியவர் விருந்து மேசையில் செத்துக் கிடக்கிறார். வீட்டுக்குள்ளும் குடையோடு சுற்றுகிற துப்பறிவாளர் ஒருவர் வருகிறார். தம்பி, சமையல்காரர், குடும்ப வைத்தியர் எல்லார்மேலும் சந்தேகம். ஆனால் எல்லாரையும்விட, வீட்டை நிர்வகிக்கிற உறவுக்காரப் பெண்மேல் சந்தேகம். கறுத்த சால்வை போர்த்திய அந்தப் பெண் ஒவ்வொரு படத்திலும் எங்கேயாவது நின்றாள். கதவருகே, படிக்கட்டு வளைவில், ஜன்னல் திரைக்குப் பின்னால். பல படங்களில் அவள் கையில் ஒரு சின்னக் குப்பியும் இருந்தது. பார்க்கிறவர்களுக்கு முதுகு சிலிர்க்கிற மாதிரிப் பார்வை.

மொத்தம் பன்னிரண்டு வாரத் தொடர். பைண்டில் இருந்தது பதினொன்றுதான். கடைசி இதழ் இல்லை. பத்திரிகை நின்றுபோய்ப் பல காலம் ஆகிவிட்டது. படங்களை வரைய அனுமதி கொடுத்த பழைய உரிமையாளரின் மகன், தன் வீட்டுப் பிரதிகளைக் கரையான் முடித்துவிட்டது என்று கைவிரித்தார். படம் வரைந்தவர் யார் என்றும் அவருக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு படத்தின் மூலையிலும் கையெழுத்துக்குப் பதிலாகக் குட்டித் தும்பி ஒன்று உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான்.

பதினொரு படங்கள் சுவரேறின. அதற்குப் பிறகு டாக்டரின் காத்திருப்பு அறையில் பல் வலியைப் பற்றிப் பேச்சு குறைந்துபோனது. "தம்பிதான் பண்ணியிருக்கணும், ரெண்டாவது படத்துல முழியைப் பாருங்க" என்பார் ஒருவர். "சால்வைக்காரிதாங்க, சந்தேகமே இல்ல" என்பார் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் இன்னொருவர். உள்ளே கூப்பிட்டால், "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு வாதத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்து வருகிறார்கள் என்று டாக்டர் வந்து சொன்னபோது, புள்ளிக்கு அன்று முழுவதும் கை லேசாக இருந்தது.

ஒரு வியாழக்கிழமை முற்பகல், கடைக்கு இரண்டு வயதான பெண்கள் வந்தார்கள். முன்னால் வந்தவர் குள்ளம், வேகம். பின்னால் வந்தவர் உயரம், லேசான கூன், நிதானம்.

"இங்க படம் வரையறது யாரு?" என்றார் முன்னால் வந்தவர்.

அவர் முகத்தில் இருந்த சூட்டைப் பார்த்த சட்டக்காரர் வழக்கம்போல நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்கம்மா. சொத்துத் தகராறுங்களா?"

"முகத் தகராறு!"

சட்டக்காரருக்கு இது புதிது. மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். புள்ளி கையைத் துடைத்துக்கொண்டே இறங்கி வந்தாள்.

"வாம்மா. என்னை நல்லாப் பாரு" என்றார் அந்த அம்மாள். "பல்லைக் காட்டலாம்னு அந்த டாக்டர்கிட்ட போனேன். போனா, சுவர் முழுக்க நான் நிக்கறேன். கையில விஷக் குப்பியோட! எதிர்ல உக்காந்திருந்த ஆளு படத்தைப் பாக்கறாரு, என்னைப் பாக்கறாரு, நாற்காலியை நகத்திப் போட்டுக்கிறாரு."

புள்ளி பார்த்தாள். பார்க்க அதிக நேரம் தேவைப்படவில்லை. இடது புருவம் வலது புருவத்தைவிட ஒரு நூல் மேலே. மேலுதட்டின் நடுவே ஆழமான பள்ளம். காதுமடல் கன்னத்தோடு ஒட்டிப் பிறந்த காது. வாரக்கணக்கில் கட்டம் கட்டமாக அளந்து வரைந்த முகம், சுருக்கங்களைப் போட்டுக்கொண்டு எதிரே நின்று மூச்சு வாங்கியது.

"அம்மா, நான் பத்திரிகையில இருந்ததைப் பாத்து வரைஞ்சேன். உங்களை நான் பாத்ததே இல்ல."

"தெரியும். நீ நகல்தானே. அசல் இதோ நிக்குது பாரு, ஒண்ணுமே தெரியாத மாதிரிச் சட்டத்தைத் தடவிக்கிட்டு!"

பின்னால் நின்ற உயரமான பெண், சுவரில் சாய்த்திருந்த தங்க நிறச் சட்டம் ஒன்றின் மூலையை மும்முரமாகப் பரிசோதித்துக்கொண்டிருந்தார்.

புள்ளிக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. "தும்பி... நீங்களா?"

"நான்தான்."

"ஆம்பளைன்னுல்ல நினைச்சிட்டிருந்தேன்!"

"பத்திரிகை ஆபீஸ்லயே பாதிப் பேர் அப்படித்தான் நினைச்சாங்க. படத்தை என் வீட்டுக்காரர்தான் கொண்டு போய்க் குடுப்பாரு." தும்பி இப்போது புள்ளியை நேராகப் பார்த்தார். "டாக்டர் ஆஸ்பத்திரியில நானும் பாத்தேன். அச்சுல மங்கிப்போன நரம்பைக்கூடப் பிடிச்சிருக்க. நல்ல கை."

"அண்ணி, பாராட்டு விழா அப்புறம் வச்சுக்கலாம்" என்று குறுக்கே வந்தார் மற்றவர். தும்பியின் கணவரின் தங்கை அவர், நாத்தனார். "ஏம்மா, நீயே சொல்லு. வழியெல்லாம் இவங்க, ஏதோ ஒரு ஜாடைதான், ஜாடைதான்னு சாதிக்கறாங்க. அது நானா, இல்லையா?"

தும்பி, நாத்தனாரின் தோளுக்குமேல் புள்ளியைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினார். சட்டக்காரர் கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"நீங்கதாம்மா" என்றாள் புள்ளி. அவளால் வேறு மாதிரிச் சொல்ல முடியவில்லை. "ஆனா ஒண்ணு சொல்லணும். அந்தப் படங்கள்ல துப்பறிவாளர் முகத்தையே ரெண்டு இடத்துல அவசரமாப் போட்டிருக்காங்க. சமையல்காரருக்கு ஒரு வாரம் மீசை பெருசு, ஒரு வாரம் சிறுசு. உங்க முகம் மட்டும் பதினொரு படத்துலயும் ஒரு கோடு பிசகல. அவ்வளவு உத்துப் பாத்து வரைஞ்சிருக்காங்க."

"கோவத்தோட பாத்தா எல்லாம் நல்லாத்தான் தெரியும்" என்றார் நாத்தனார்.

தும்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து, முடியாமல், நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "பின்ன என்ன பண்றது? கல்யாணமாகி வந்த புதுசு. சேத்து வச்ச காசுல ஒரு நல்ல தூரிகை வாங்கி வச்சிருந்தேன். முடி ஒண்ணொண்ணும் ஊசி மாதிரி நிக்கும். இந்த மகராசி அதை எடுத்துத் தையல் மிஷினுக்கு எண்ணெய் போட்டுட்டா."

"தூரிகைன்னு யாருக்குத் தெரியும்? ஒல்லியா ஒரு குச்சி கிடந்துது. அதுக்காகக் கொலைகாரி ஆக்கிடுவீங்களா?"

"அந்த வாரம்தான் புதுத் தொடர் ஆரம்பிச்சுது. ஒரு பொல்லாத பொம்பளை வேணும்னு எழுதியனுப்பியிருந்தாங்க. கை தானாப் போயிடுச்சு."

"நம்ம வீட்டுல அந்தப் பத்திரிகையை வாங்க விடாம, கதை சரியில்ல, கதை சரியில்லன்னு சொன்னீங்களே. இப்பல்ல தெரியுது."

சட்டக்காரர் கண்ணாடிக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. புள்ளிக்கும் சிரிப்பு முட்டியது. ஆனால் நாத்தனார் சிரிக்கவில்லை. அவர் குரல் இறங்கியது.

"அது சரி. கடைசியில நான் என்ன ஆனேன்? அந்த டாக்டர்கிட்ட கேட்டா, கடைசிப் படம் கிடைக்கலங்கறாரு. உக்காந்திருந்தவங்க எல்லாரும் சால்வைக்காரிதான் கொன்னான்னு முடிவே பண்ணிட்டாங்க. சொல்லுங்க அண்ணி. நான்தானா?"

தும்பி கைப்பையின் பூட்டைத் திறந்து மூடினார். பிறகு நாத்தனாரை நிமிர்ந்து பார்த்தார்.

"இல்ல. நீ கொல்லல. வைத்தியர்தான் கொன்னாரு. அவரு ரெண்டு கோப்பையில விஷம் வச்சிருந்தாரு. ஒண்ணு பெரியவருக்கு, இன்னொண்ணு அந்த வீட்டுக் குழந்தைக்கு. நீ அதைக் கண்டுபிடிச்சு, குழந்தையோட கோப்பையைக் கொட்டிட்டு, மிச்சத்தைக் குப்பியில பிடிச்சு வச்சுக்கிட்டே, சாட்சிக்காக. யாரை நம்பறதுன்னு தெரியாம ஒளிஞ்சு ஒளிஞ்சு திரிஞ்சே. கடைசி வாரம் அந்தக் குழந்தையைத் தூக்கிக்கிட்டு எல்லார் முன்னாலயும் வந்து நிப்பே. எனக்கே அந்த வாரம்தான் தெரியும். எழுதுறவரு முன்கூட்டியே எதையும் சொல்ல மாட்டாரு."

நாத்தனார் மெதுவாக இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்தார். "குழந்தையைக் காப்பாத்தறேனா?"

"ஆமா."

"அப்ப அந்தப் படம் கட்டாயம் வேணும்" என்றார் நாத்தனார். "பதினொரு தடவை கொலைகாரியா மாட்டி வச்சிட்டு, நல்லவளானதை விட்டுட்டா எப்படி? ஏம்மா, அதையும் வரைஞ்சுடு."

"பாத்து வரைய இதழ் இல்லையேம்மா."

"வரைஞ்சவங்க இருக்காங்களே!"

தும்பி தன் வலது கையை நீட்டிக் காட்டினார். விரல்கள் காற்றில் அசையும் இலை மாதிரி நடுங்கின. "என்னால கோடு போட முடியாது. ஆனா சொல்ல முடியும்."

டாக்டரிடம் கேட்டபோது அவர் துள்ளிக் குதிக்காத குறை. இதழ் கிடைக்கவில்லை, அதனால் இது நகல் இல்லை, தும்பி அம்மா சொல்லச் சொல்லப் புதிதாக வரையப் போகிற படம் என்று புள்ளி தெளிவாகச் சொல்லிவிட்டாள். "எதுவா இருந்தாலும் முடிவுன்னு ஒண்ணு இருந்தா போதும் அக்கா. நேத்து ரெண்டு பேர் கை கலக்கப் போயிட்டாங்க" என்றார் டாக்டர்.

அடுத்த வாரத்திலிருந்து இருவரும் மாடிப்படியை ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு ஏறி வந்தார்கள். நாத்தனாருக்கு ஜன்னலோரம் நாற்காலி. போர்த்திக்கொள்ளச் சட்டக்காரரின் கறுப்புப் போர்வை. குழந்தைக்குப் பதிலாக மடியில் ஒரு தலையணை.

புள்ளிக்கு முதல் நாள் கை ஓடவில்லை. தாளை விரித்து, பழக்கத்தில் பென்சிலால் கட்டம் போட ஆரம்பித்தாள். தும்பி எட்டிப் பார்த்தார்.

"எதுக்கு இந்தக் கட்டம்? காத்தைப் பிடிக்கவா?"

"இது இல்லாம எனக்கு எங்க ஆரம்பிக்கறதுன்னே தெரியலம்மா. பாத்து வரைய ஒண்ணு இருந்தா ஆனையைக்கூட வரைஞ்சுடுவேன். சும்மா இருக்கற தாளைப் பாத்தா பயமா இருக்கு."

"எனக்கு மட்டும் என்னவாம்? ஒவ்வொரு வாரமும் பயமாத்தான் இருக்கும். அதோடதான் வரைவேன்."

அந்தப் பயத்தோடேயே புள்ளி ஆரம்பித்தாள். தும்பி சொல்வதில் பாதி ஒன்றுக்கொன்று முரண். கதவு இடது பக்கம் என்பார். அரைமணி கழித்து, "கதவா? அங்க ஏது கதவு?" என்பார். நாத்தனார் நடுவில், "தலையணை நழுவுது, குழந்தை கீழ விழப்போவுது" என்பார். ஆனாலும் படம் மெல்ல எழுந்தது. சுருக்கம் விழுந்த முகத்தைப் பார்த்து, பதினொரு படங்களில் இருந்த இளம் முகத்தை நினைவில் வைத்து, இரண்டுக்கும் நடுவே எங்கேயோ புள்ளி ஒரு முகத்தைப் பிடித்தாள். பதினொரு வாரமும் முறைத்துக்கொண்டிருந்த அதே கண்கள்தான். இமையை ஒரு சின்னக் கோடு இறக்கியதும், அது முறைப்பில்லை, பயம் என்று தெரிந்தது. ஒரு குழந்தைக்காகப் பயப்படுகிற பெண்ணின் கண்கள். அதைப் பார்த்துவிட்டுப் புள்ளி தூரிகையைக் கீழே வைத்தாள். நகல் எடுக்கும்போது இப்படி ஒன்று தனக்கு நேர்ந்ததே இல்லை என்று தோன்றியது.

சால்வைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்த நாளில், நாத்தனாருக்குக் கால் மரத்துவிட்டது. கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்று கீழே இறங்கிப் போனார். கடையில் சட்டக்காரரிடம் தன் வீட்டு வாசல் கதவு ஏன் எப்போதும் மழையில் இறுகிக்கொள்கிறது என்று அவர் ஆலோசனை கேட்பது மேலே கேட்டது.

தும்பி நாற்காலியைப் புள்ளி பக்கம் நகர்த்தினார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லிடறேன். நீ உண்மையா வேலை செய்யறவ. உன்கிட்ட மறைக்கறது எனக்கு உறுத்துது."

"என்னம்மா?"

"கதையில அவதான் கொன்னா."

புள்ளியின் தூரிகை தாளுக்கு மேலேயே நின்றது.

"கடைசிப் படத்துல ரெண்டு போலீஸ்காரங்களுக்கு நடுவுல தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போவா. சால்வை தரையில விழுந்து கிடக்கும். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. வைத்தியர் பாவம், ஒண்ணும் பண்ணல. குழந்தையே கிடையாது. எல்லாம் அன்னிக்கு உங்க கடையில உக்காந்து நான் கட்டின கதை."

"ஏம்மா அப்படி?"

"அவ கேட்டப்ப அவ முகத்தை நீ பாத்தேல்ல? இத்தனை வருஷமா ஒரே வீட்டுல இருக்கோம். என் வீட்டுக்காரர் போன அன்னிக்கு, தன் அண்ணன் போயிட்டாரேன்னு அழறதுக்கு முன்னால எனக்குப் போர்வையைப் போத்தி விட்டவ. என் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடறதும் அவதான், என் கைதான் ஆடுதே. அவளைப் பாத்து, ஆமா, நீதான் கொன்னேன்னு சொல்லச் சொல்றியா?"

புள்ளி தூரிகையைத் தண்ணீரில் கழுவினாள். தேவைக்கு மேலே கழுவினாள். "பத்திரிகையில வந்தது வந்தபடி வரையறவ நான். ஒரு பொத்தானைக்கூட மாத்தினதில்ல."

"இது பத்திரிகையில வரவே இல்லையே. வராததை எப்படி வந்தபடி வரைவ?"

"நீங்க வக்கீலாப் போயிருக்கணும்."

"கீழ பலகை எழுதி வச்சிருக்கறது உன் வீட்டுக்காரர்தானே" என்றார் தும்பி. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "உனக்கு இஷ்டம் இல்லன்னா இப்பவே நிறுத்திடலாம். நான் அவகிட்ட ஏதாவது சொல்லிக்கறேன்" என்றார்.

புள்ளி படத்தைப் பார்த்தாள். தாளில் சால்வைக்காரி குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, எதிரே நிற்கிற எல்லாரையும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண்களை எந்த இதழிலிருந்தும் அவள் எடுக்கவில்லை. அவற்றில் பொய் இருப்பதாக அவளுக்குத் தெரியவில்லை. பார்க்கப் பார்க்க, அந்தத் தொடரை எழுதியவர்தான் கடைசி வாரத்தில் தப்புச் செய்துவிட்டார் போலிருந்தது.

படியில் காலடி கேட்டது. நாத்தனார் மூச்சு வாங்க ஏறி வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "என்ன, நான் இல்லாதப்ப என்னைப் பத்திப் பேசியாச்சா?"

"கொஞ்சம் தலையை நிமித்துங்கம்மா" என்றாள் புள்ளி. "குழந்தையை இன்னும் கொஞ்சம் மேல பிடிச்சுக்கோங்க. அப்படித்தான்."

அன்று மாலை கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சட்டக்காரர் மரச் சட்டத்தின் மூலையை ஒட்டிக்கொண்டே கேட்டார். "சரி, படத்தோட பின்பக்கம் என்ன எழுதறது? எப்பவும் பத்திரிகை, வாரம், நகல்னு எழுதுவியே."

"சொன்னது தும்பி, வரைஞ்சது நான்னு எழுதிடறேன். அது ரெண்டும் உண்மைதானே."

"முன்பக்கம் கையெழுத்து?"

அவள் அதை யோசிக்கவே இல்லை. யோசித்துவிட்டு, படம் முடிந்த நாளில், வலது மூலையில் சின்னதாக ஒரு புள்ளி வைத்தாள். பக்கத்தில் தும்பியும், நடுங்குகிற கையால், நாத்தனார் மணிக்கட்டைத் தாங்கிக்கொள்ள, தன்னுடைய தும்பியைப் போட்டார். ஓர் இறக்கை கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது.

பன்னிரண்டாவது படம் மற்றவற்றோடு வரிசையில் ஏறியது. சில மாதங்கள் கழித்துப் புள்ளிக்கே கடைவாய்ப்பல் குடைய ஆரம்பித்தது. டாக்டர் ஊசி போட்டுவிட்டு, மரத்துப்போகட்டும், கொஞ்ச நேரம் வெளியே உட்காருங்கள் என்றார். வெளியே வந்தால் தும்பியும் நாத்தனாரும் உட்கார்ந்திருந்தார்கள். நாத்தனாருக்குப் பல்லில் எந்தக் கோளாறும் இல்லை. ஆனாலும் அவர் அங்கே அடிக்கடி வருவதாக டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

எதிரே, ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் படங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து, கடைசிப் படத்தின் முன்னால் நின்றுவிட்டார்.

"இது எப்படி?" என்றார். "நான் இந்தக் கதையைப் படிச்சிருக்கேன். வேலைக்குச் சேந்த புதுசு. வீடு வீடாப் பத்திரிகை கொண்டு போறப்ப, குடுக்கறதுக்கு முன்னால நின்னு படிச்சுட்டுத்தான் குடுப்பேன். கடைசியில அந்தப் பொம்பளையைத்தான் பிடிச்சுட்டுப் போவாங்க."

அறையில் இருந்த எல்லாரும் ஒரே குரலில் மறுத்தார்கள். "படமே இருக்கு, பாருங்க!" என்றார் ஒருவர். "வைத்தியர்தாங்க கொன்னாரு" என்றார் இன்னொருவர். தும்பி கூரையைப் பார்த்தார்.

நாத்தனார் எழுந்தார். நேராகத் தபால்காரரிடம் போய், படத்துக்குப் பக்கத்தில் தன் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். "என்னைப் பாத்துச் சொல்லுங்க. நான் அப்படிப் பண்ணியிருப்பேனா?"

தபால்காரர் படத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"அந்த அம்மாதான் வரைஞ்சவங்க. அவங்களையே கேட்டுடலாமே" என்று யாரோ சொல்ல, அறை முழுவதும் புள்ளி பக்கம் திரும்பியது.

புள்ளி பேச வாயெடுத்தாள். உதடு பாதி வரைதான் வந்தது. நாக்கு யாருடையதோ மாதிரிக் கனத்துக் கிடந்தது. கன்னத்தைத் தொட்டுக் காட்டி, கையை விரித்தாள்.

"பாவம், ஊசி போட்டிருக்காங்க" என்றார் நாத்தனார் பரிவோடு.

தபால்காரர் தலையைச் சொறிந்தார். "அப்ப நான் படிச்சது வேற கதையா இருக்கும். அந்தக் காலத்துல நிறையக் கதைங்கள்ல சால்வை போத்திக்கிட்டு யாராவது ஒருத்தி வருவா" என்றார். பிறகு நாத்தனாருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, குழந்தைக்கு வைத்த விஷத்தை அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று மரியாதையாக விசாரித்தார். நாத்தனார் விவரமாகச் சொல்ல ஆரம்பித்தார். தும்பி சொன்ன கதையைவிட அது இப்போது நீளமாகியிருந்தது. வைத்தியருக்குக் கடன்காரர் ஒருவர்கூட முளைத்திருந்தார். நடுவில் தும்பி ஒரு விவரத்தைத் திருத்தப் போனபோது, "நீங்க சும்மா இருங்க அண்ணி, அங்க இருந்தது நான்" என்றார்.

பல்லை அடைத்துக்கொண்டு புள்ளி வெளியே வந்தபோது வெயில் தணிந்திருந்தது. கடைக்குள் நுழைந்ததும், ஒரு பக்கம் மட்டும் சிரித்துக்கொண்டிருந்த மனைவியின் முகத்தைப் பார்த்துச் சட்டக்காரர் பதறிவிட்டார்.

"என்னாச்சு? வலிக்குதா?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள். சொல்ல நிறைய இருந்தது. மரப்பு இறங்கட்டும், எல்லாவற்றையும் சொல்லிக்கொள்ளலாம் என்று மாடியேறிப் போய், ஜன்னலைத் திறந்துவிட்டு, புதுத் தாள் ஒன்றை எடுத்துப் பலகையில் விரித்தாள்.